அண்ணியின் வண்டியில் சோடா குடித்தது யார்?

என் அண்ணி கிம்லாங் யாரையும் நம்பமாட்டாள். இதை நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "நம்பாததாலதான் இந்தக் கடை நிக்குது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீன் விழுதைப் பிசையப் போய்விடுவாள்.

ஆற்றங்கரை ஊரான எங்கள் பாக்நம் போவின் சந்தையில் எங்கள் மீன் உருண்டைக் கடைக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி அண்ணியின் மூக்குக்குச் சேர வேண்டும். விடிவதற்கு முன்னால் படித்துறைக்குப் போய், ஒவ்வொரு மீனையும் கட்டை விரலால் அழுத்துவாள், செவுளைத் தூக்குவாள், முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஐஸோடு சேர்த்து எடை போடுகிறான் என்று மீன்காரனிடம் சண்டை பிடிப்பாள். "ஜே கிம்லாங் வந்தா மீனே செவுளைத் தானாத் தூக்கிக் காட்டிடும்" என்று படகுக்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் பக்கம் ஜே என்றால் அக்கா. சிரிக்கக்கூட மாட்டாள். கேலி செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கணக்கு.

புருஷனை இழந்து நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, முதல் வருஷம் முழுக்க என்னையும் அப்படித்தான் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் எப்படியோ தேறிவிட்டேன்.

அண்ணன் குவாங்குக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. பேச்சு திரும்பியது, கால்தான் திரும்பவில்லை. பிட்சனுலோக்கில் ஒரு டாக்டர் வியாழக்கிழமைதோறும் காலுக்குப் பயிற்சி கொடுத்தார். "விடாம வந்தா நடப்பீங்க. நடுவுல விட்டா கால் கட்டையா இறுகிடும், அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று அந்த மனுஷன் பட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்தது. அண்ணிக்கு அவர் மேலும் சந்தேகம்தான். ஆனாலும் அண்ணன் மெள்ள மெள்ளக் கோல் ஊன்றி நடந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சிக்கல், போய் வருவதில் இருந்தது. கடைப் பிக்கப் வண்டி உயரம். அண்ணனைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். பக்கத்துக் கடைக்காரரின் கார் தாழ்வு. உட்கார வைத்துவிட்டால் தூக்கி எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் பார்க்க நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கத்தினார்: "நான் என்ன அரிசி மூட்டையா? இனிமே வரமாட்டேன், போ!"

மறுநாள் அண்ணி தையல் அளவு நாடாவை எடுத்து, நின்றுகொண்டிருந்த புருஷனின் இடுப்பு உயரத்தை அளந்தாள். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கொட்டகை போட்டுப் பழைய வண்டி விற்கிற டென்ட் டென்டாக ஏறி இறங்கினாள். வண்டியின் விலையைக் கேட்கமாட்டாள். கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட் வரைக்கும் நாடாவைப் பிடிப்பாள். விற்கிறவன் வாயைப் பிளப்பான்.

கடைசியில் அந்த அளவுக்குச் சரியாக வந்தது ஒரு வெள்ளை ஜெர்மன் வண்டி. ஜீப் மாதிரி நிமிர்ந்த உடம்பு, ஆனால் சின்னது. உள்ளே தோல் சீட்டு, பணக்கார வாசனை. டென்ட்காரன் வீரா அதன் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனான். அண்ணி காதிலேயே வாங்காமல் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தாள்.

"வெள்ளத்துல முங்கின வண்டியா?"

"ஐயோ ஜே, சத்தியமா இல்ல!"

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துச் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். "இதுக்குள்ள யாராவது செத்தாங்களா?"

"ஜே, இது ஒரு பல் டாக்டரம்மா வண்டி. ஸ்கூலுக்கும் கிளினிக்குக்கும்தான் போயிருக்கு."

"பல் டாக்டரம்மா ஏன் வித்தா?"

வீரா ஒரு விநாடி தயங்கினான். "புது வண்டி வாங்கிட்டாங்க."

"கம்பெனி உத்தரவாதம் முடிஞ்ச உடனேதானே?"

அவன் தலையைச் சொறிந்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். இதைத்தான் சந்தையில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அந்த மாதிரி வண்டி பழசானால் வாங்குகிற விலை குறைச்சல், வைத்துக்கொள்கிற செலவுதான் ஆளைத் தின்னும் என்று. யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி என்று வாத்துக் கறிக்கடைக்காரர் பயமுறுத்தினார்.

பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் கோலைச் சாய்த்து வைத்தார், பின்புறமாகத் திரும்பினார், உட்கார்ந்தார், காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் தொடவில்லை. மறுபடி அவரே எழுந்து நின்றார். நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பக்கவாதத்துக்கு அப்புறம் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வீராவிடம், "காகிதத்தை எடு" என்றாள். பேரமே பேசவில்லை. வீராதான் பயந்து போனான்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் சட்டங்கள் வந்தன. உள்ளே யாரும் எதுவும் தின்னக் கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, வெயிலில் நின்று குடிக்க வேண்டும். ஜோசியக்காரர் அண்ணன் பிறந்த கிழமைக்கு வெள்ளை ஆகாது என்றதால், வெள்ளை வண்டியின் பின்னால் 'இந்த வண்டி பச்சை நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். ஊரில் ஒருத்தனையும் நம்பாதவள் அந்த ஸ்டிக்கரை எப்படி நம்பினாள் என்று கேட்டேன். "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்றாள்.

நான்கு மாதம் சமர்த்தாக ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை, வழியில் பிச்சித் ஊரைத் தாண்டியதும் சூடு ஏறிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தினோம். லாரி போகிற காற்றில் வண்டி ஆட, அண்ணன் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பயிற்சி போயிற்று. கம்பெனி ஷோரூமில் ஒரு பையன் குளிர்ந்த துண்டு கொடுத்து, காப்பி கொடுத்து, பிறகு விலையைச் சொன்னான். அந்த விலைக்கு எங்கள் பிக்கப்புக்குப் புது இன்ஜினே போடலாம். அண்ணி காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். குடித்திருந்தால் அதையும் பில்லில் சேர்த்திருப்பான் என்றாள்.

அப்படித்தான் சாங் சம்ரானின் பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் ஊரில் இந்த ரக வண்டிகளைத் தொடத் தெரிந்த மெக்கானிக், எங்கள் பேச்சில் சாங், அவர் ஒருவர்தான்.

"வண்டி கெட்ட வண்டி இல்ல ஜே" என்றார் சம்ரான். "பிளாஸ்டிக் பாகமெல்லாம் நம்ம ஊர் வெயில்ல வெந்து நொறுங்கிப் போகுது. முன்கூட்டியே மாத்திக்கிட்டே இருந்தா ராஜா மாதிரி ஓடும். அது உடையற வரைக்கும் விட்டீங்கன்னா நடுரோட்டுல உக்கார வச்சிடும்."

"நல்லா இருக்கே. உடையாததையும் மாத்தணும், அதுக்கும் உங்களுக்குக் காசு குடுக்கணும். அப்படித்தானே சாங்?"

"பழைய பாகத்தைக் கையில குடுத்துடறேன் ஜே. நீங்களே பாருங்க."

"குடுத்துத்தான் ஆகணும்."

வாட்டர் பம்ப் மாற்றினார். அண்ணி பழையதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். போதாததற்கு, பானெட்டைத் திறக்கச் சொல்லி, புதுப் பம்பில் தன் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்தாள். அவர் புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டினால் கண்டுபிடிப்பதற்காம். சம்ரான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ரெண்டு புள்ளியா வைங்க ஜே, அழகா இருக்கும்" என்றார். நான் சிரித்தேன். வீடு வரைக்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

அதற்கப்புறம்தான் வினோதம் ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை காலை வண்டியைக் கிளப்பினால் கியர் நகரவே இல்லை. ஓட்டுகிறவர் எதிரே இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் கோயில் திருவிழா மாதிரி ஒன்றாக எரிந்தன. சம்ரான் வந்து இழுத்துக்கொண்டு போனார். கியருக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தான் பெட்டி செத்துவிட்டது என்று மாற்றினார். ஒரு மாதம் ஓடியது. மறுபடி அதே பெட்டி. மறுபடி மாற்றினார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரு பயிற்சியை இழந்தார். கால் இறுகத் தொடங்கியது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. வாசல்படி ஏற முன்னைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை சம்ரான் எங்களை வரச் சொல்லி, எங்கள் எதிரிலேயே பெட்டியைக் கழற்றினார். உள்ளே சிவப்பாகப் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. இரண்டு எறும்பு வேறு.

"ஜே, இது சிவப்புச் சோடா. யாரோ கொட்டியிருக்காங்க. இனிப்புத் தண்ணி உள்ள இறங்கினா எந்தக் கம்பெனிப் பெட்டியும் தாங்காது."

"என் வண்டியில தண்ணிகூட யாரும் குடிக்கமாட்டாங்க."

"கொட்டியிருக்கே, ஜே."

அண்ணி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "முவாய், நீயா?"

"எனக்குச் சர்க்கரை வியாதி. நானே சோடா குடிச்சுச் சாகணும்னு உங்களுக்கு ஆசையா?" என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நடந்து வீட்டுக்குப் போயிருப்பேன், வெயில் தடுத்தது.

அண்ணியின் பார்வை என்னைத் தாண்டிப் போய், பட்டறை மூலையிலிருந்த குளிர்பெட்டியில் நின்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகச் சிவப்புச் சோடா பாட்டில்கள்.

"ஓ" என்றாள். "அப்படியா சங்கதி? உங்க ஆளுங்க ஏசி போட்டுக்கிட்டு என் தோல் சீட்டுல சாஞ்சு குடிக்கிறது, கொட்டறது. அப்புறம் பெட்டி போச்சுன்னு எனக்கு பில். மாசத்துக்கு ஒரு தடவை. நல்ல தொழில் சாங்!"

சம்ரானின் முகம் கறுத்தது. "எங்க ஆளுங்க வண்டிக்குள்ள செருப்புகூடப் போட்டுக்கிட்டு ஏறமாட்டாங்க, ஜே. வார்த்தையை அளந்து பேசுங்க."

"மீனை அளந்து வாங்கறவ நான். எனக்குச் சொல்லித்தராதே."

அன்று மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. வாத்துக் கறிக்கடை, ஊறுகாய்க் கடை, தங்கக் கடை எல்லாம். சம்ரானின் பட்டறையில் சோடா குடித்தே வண்டியைக் கெடுக்கிறார்கள் என்று கதை கை கால் முளைத்து ஓடியது. தங்கக் கடைக்காரர் தன் காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போயே விட்டார். சாயங்காலம் சம்ரான் போன் செய்தார். பெட்டியை மாட்டிவிட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், இனி என் வாசலுக்குக் கொண்டு வராதீர்கள் என்றார்.

அவர் கைவிட்டால் அந்த வண்டிக்கு வேறு கதி இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டு மேஜையில் அண்ணன் குனிந்த தலையோடு சொன்னார்: "வித்துடு கிம்லாங். கால் இப்பப் பரவாயில்ல. நான் வீட்டுலயே நடந்துக்கறேன்."

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா ஹியா? பேசாம சாப்பிடுங்க."

எங்கள் வீடுகளில் அண்ணனும் ஹியாதான், புருஷனும் ஹியாதான். அவள் அந்தச் சொல்லை அதட்டலுக்கு மட்டுமே வைத்திருந்தாள்.

வண்டியை எடுக்கப் போனபோது அண்ணி சம்ரானுக்கு ஒரு சவால் விட்டாள். உள்ளே பார்க்கிற கேமரா ஒன்று பொருத்தப் போகிறேன், கதவைத் திறந்தால் தானாகப் படம் பிடிக்கும், ஒலியும் பிடிக்கும். அடுத்த வாரம் வண்டியை இங்கே ஒருநாள் விடுகிறேன், உங்கள் ஆட்கள் யோக்கியர்கள் என்றால் நான் சொன்னதையெல்லாம் விழுங்கிவிடுகிறேன் என்றாள்.

"ஒண்ணு எதுக்கு ஜே? பத்து வைங்க" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் கேமரா விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அண்ணனிடம் சொன்னால் வீண் செலவு என்று முனகுவார் என்று சொல்லவில்லை. ஐந்தாறு நாள் கழித்து, வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால், கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தோம். கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள்.

முதல் படத்திலேயே ஆள் இருந்தார்.

விடியற்காலை வெளிச்சம். அண்ணி படித்துறைக்குப் போயிருந்த நேரம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து, பின்புறமாகத் திரும்பி, பழகிய விதத்தில் உட்கார்ந்தார் என் அண்ணன். பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மல்லிகைச் சரத்தை எடுத்து கியர்மேல் வைத்தார். அக்குளில் இடுக்கி வைத்திருந்த சிவப்புச் சோடா பாட்டிலை எடுத்தார். வாசல் சாமிக்கென்று நாங்கள் வாங்கி வைப்பது. ஸ்ட்ராவும் போட்டிருந்தார். அதை இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். எல்லாரும் வண்டியைக் காக்கிற மே யா நாங் தாய்க்குப் பானெட் முன்னால் நின்றுதான் படைப்பார்கள். இவரால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது.

இடது கை எழும்பாது. வலது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டு போய்க் கும்பிட்டார்.

"மே யா நாங் தாயே" என்றது போன். "போன தடவை உனக்கு என்ன கொறை வச்சேன்னு தெரியல. இனிமே ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தர்றேன். வியாழக்கிழமை மட்டும் நிக்காம ஓடிடு. நின்னா அவ ரொம்பக் கத்தறா. பாவம், களைச்சுப் போயிடறா."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வண்டி நிற்க நிற்க இவர் அதிகமாகப் படைத்திருக்கிறார். இவர் படைக்கப் படைக்க வண்டி நின்றிருக்கிறது. நான் அண்ணியின் தோளை இடித்து, "திருடன் அகப்பட்டான்" என்றேன். அவள் அசையவில்லை.

படத்தில் அண்ணன் பாட்டிலைத் திரும்ப எடுக்கப் போனார். விரல்கள் அதைச் சுற்றின, ஆனால் பிடிக்கவில்லை. கை நடுங்கியது. பாட்டில் சாய்ந்து, சிவப்பு கியர் பக்கம் ஓடியது. அவர் அவசரமாகச் சட்டை நுனியால் துடைத்தார். கடை வாசலைத் திருடன் மாதிரி எட்டிப் பார்த்தார். மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. கடைசியில் குனிந்து, பாட்டிலின் கழுத்தைப் பல்லால் கவ்வித் தூக்கினார்.

அண்ணி படத்தை நிறுத்தினாள்.

"முவாய்" என்றாள். "அது வலது கை."

"ஆமா."

"வலது கை நல்ல கைதானே?"

அப்போதுதான் எனக்கும் ஒவ்வொன்றாக உறைத்தது. குச்சியால் சாப்பிடுவதை விட்டுவிட்டு அண்ணன் கரண்டிக்கு மாறியிருந்தார். பட்டன் சட்டையை விட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறியிருந்தார், கோயிலுக்குக்கூட. வசதியாக இருக்கிறது என்று சொன்னார், நாங்களும் சரி என்றோம். அண்ணி மூன்று தடவை அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எங்கேயாவது அது வேறு யார் கையாகவோ இருந்துவிடாதா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மூன்று பேரும் கிளம்பினோம். நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அண்ணி நேராகப் போய் சம்ரானின் பட்டறை முன்னால் நிறுத்தினாள். "கியர் கொஞ்சம் பிடிக்குது, காட்டிட்டு வந்துடறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன்.

சம்ரான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஆட்கள் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அண்ணி போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"சாங்" என்றாள் அண்ணி. அவள் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. "உங்க ஆளுங்கதான் குடிச்சுக் கொட்டினாங்கன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"என்ன ஜே சொல்றீங்க?"

"அவர்கிட்ட மட்டும். சந்தையில நானே கடை கடையாப் போய், என் வாய்தான் பொய் சொல்லிச்சுன்னு சொல்லிடறேன். தங்கக் கடைக்காரர் வண்டியை நானே திரும்பக் கொண்டுவந்து விடறேன். ஆனா அவர் இதை எங்ககிட்டேர்ந்து மறைச்சு வச்சிருக்கார். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவார்." மூச்சு வாங்கினாள். "நீங்க ஏமாத்தியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், சாங். நெஜமாவே நீங்கதான்னு நம்பினேன்."

சம்ரான் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். அண்ணனின் ஜன்னல் அருகே போய் நின்று, ஆழமாகக் கும்பிட்டார்.

"ஹியா, மன்னிச்சுக்கணும். என் ஆளுங்க பண்ணின தப்பு. சோடா குடிச்சு உள்ள கொட்டிட்டானுங்க. இந்தத் தடவை நான் காசு வாங்கமாட்டேன்."

பின்னால் ஒருவன், "அண்ணே, நாங்க எப்ப..." என்று வாயைத் திறந்தான். சம்ரான் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அண்ணன் சம்ரானைப் பார்த்தார். அவர் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் தன் மனைவியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடையில் ஒரு துளி ஐஸ் கூடுதலாகப் போனதற்குப் படித்துறையே அதிரக் கத்துகிறவள், குற்றவாளி தானே வந்து ஒப்புக்கொண்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை.

"கிம்லாங்" என்றார் அண்ணன். "நீ ஏன் இவரைத் திட்டல?"

அண்ணி நிமிர்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவும் இல்லை.

அண்ணன் மடியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து, ஜன்னல் விளிம்பில் எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். அது நடுங்கியது. அதை நிறுத்த அவர் முயலவில்லை.

"ஏறி உக்காரு" என்றார். "டாக்டர்கிட்ட இதையும் காட்டணும்."